வந்தவாசிச் சண்டையும் ஓர் உலகப் போரும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

வந்தவாசி என்றால் நம்மில் பலருக்கும் கோரைப்பாய்தான் முதலில் நினைவுக்கு வரும். வரலாற்றுப் பாடத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்திருப்பவர்களுக்கு 1760 ஜனவரி 22 என்ற தேதியும் வரலாம். மூன்றாம் கர்நாடகப் போர்; ஆங்கிலேயர் தரப்பில் அயர்கூட், பிரெஞ்சுத் தரப்பில் கவுண்ட் டி லாலி; பிரெஞ்சுக்காரர் தோற்றனர். ஐந்து மதிப்பெண்ணுக்கு இது போதும்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்துக்காரரும் பிரெஞ்சுக்காரரும் தங்கள் நாட்டுக்கு நடுவே இருக்கும் கடலைத் தாண்டினால் நேருக்கு நேர் சண்டை போட்டுக்கொள்ளலாம். அதை விட்டுவிட்டு, ஆறு மாதம் கப்பல் ஏறி, வந்தவாசி வயல்வெளியில் வந்து ஏன் சுட்டுக்கொண்டார்கள்?

நம் பாடப்புத்தக அமைப்பில் இதற்கு விடை கிடைக்காது. கர்நாடகப் போர் இந்திய வரலாற்றில் வரும். ஏழாண்டுப் போர் ஐரோப்பிய வரலாற்றில் வரும். இரண்டுக்கும் நடுவில் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். உண்மையில் அவை இரண்டும் ஒரே போர். வட அமெரிக்கா, ஐரோப்பா, மேற்கிந்தியத் தீவுகள், மேற்கு ஆப்பிரிக்கா, வங்காளம், சோழமண்டலக் கரை, பிலிப்பைன்ஸ் என்று உலகம் முழுவதும் நடந்த போர். சர்ச்சில் தம் வரலாற்று நூலில் இதற்கு 'முதல் உலகப் போர்' என்றே தலைப்பு வைத்தார். 1914க்கு 158 ஆண்டு முன்பே அப்படி ஒன்று நடந்து, அதில் நம் ஊர்களும் எரிந்தன.

முதலில் காரணங்கள். மூன்று இடங்களில் மூன்று தகராறுகள் தனித்தனியாகப் புகைந்துகொண்டிருந்தன.

ஒன்று, சைலீசியா. இன்று பெரும்பகுதி போலந்தில் இருக்கும் வளமான நிலப்பகுதி. 1740இல் ஆஸ்திரியாவின் அரியணைக்கு மரியா தெரசா என்ற 23 வயதுப் பெண் வந்தார். சில வாரங்களுக்குள் பிரஷ்யாவின் மன்னர் பிரெடரிக் படையோடு புகுந்து சைலீசியாவைப் பிடித்துக்கொண்டார். எட்டு ஆண்டுப் போருக்குப் பிறகும் அது திரும்பக் கிடைக்கவில்லை. மரியா தெரசா அதை மறக்கவும் இல்லை.

இரண்டு, வட அமெரிக்காவின் ஒகையோ ஆற்றுப் பள்ளத்தாக்கு. பிரெஞ்சுக்காரர் கனடாவிலிருந்து தெற்கே இறங்கிக் கோட்டை கட்டினார்கள். ஆங்கிலேயக் குடியேறிகள் கடற்கரையிலிருந்து மேற்கே நகர்ந்தார்கள். அந்த மண் யாருடையதோ அந்தப் பூர்வகுடி மக்களை இருவரும் கேட்கவில்லை. 1754 மே 28 அன்று வர்ஜீனியாவிலிருந்து வந்த சிறு படை ஒன்று பிரெஞ்சுக் குழு ஒன்றைத் தாக்கியது. ஜுமோன்வில் என்ற அதிகாரி கொல்லப்பட்டார். அந்தச் சிறு படைக்குத் தலைமை தாங்கிய 22 வயது இளைஞரின் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன். பின்னாளில் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஆனவரேதான்.

மூன்று, நம் கர்நாடகம். (மைசூர்ப் பக்கத்துக் கர்நாடகம் அல்ல; ஆற்காட்டு நவாப் ஆண்ட நம் பகுதிதான் அன்றைய ஆவணங்களில் கர்நாடகம்.) ஆற்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் போட்டி போட்டார்கள். ஒருவர் பின்னால் பாண்டிச்சேரி டூப்ளே நின்றார். இன்னொருவர் பின்னால் சென்னை ஆங்கிலக் கம்பெனி நின்றது. ஐரோப்பாவில் சமாதானம் நிலவிய 1749 முதல் 1754 வரை இங்கே இரு கம்பெனிகளும் 'நவாபுக்கு உதவி' என்ற பெயரில் சண்டை போட்டன. சந்தா சாகிப் கொல்லப்பட்டார். டூப்ளே திரும்ப அழைக்கப்பட்டார். முகமது அலி நிலைத்தார்.

இப்படி உலகின் ஒரு மூலையில் நடப்பது இன்னொரு மூலையோடு சேர்வது புதிதும் அல்ல. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். 1748 ஒப்பந்தத்தில் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு ஈடாக அவர்களுக்குக் கிடைத்தது கனடாக் கரையில் இருந்த லூயிபர்க் கோட்டை. மயிலாப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரைக் கொடுத்து, பனி கொட்டும் ஊரை வாங்கினார்கள். இரண்டு ஊர் மக்களுக்கும் அதில் பேச்சே இல்லை.

மூன்று தகராறுகளும் ஒன்றாகக் கட்டப்பட்ட ஆண்டு 1756. கட்டிய கயிறுதான் கூட்டணி.

அதுவரை பிரிட்டனும் ஆஸ்திரியாவும் ஒரு பக்கம், பிரான்சும் பிரஷ்யாவும் மறுபக்கம். பிரிட்டிஷ் மன்னர் இரண்டாம் ஜார்ஜுக்கு ஜெர்மனியில் ஹனோவர் என்ற சொந்த நாடும் இருந்தது. அமெரிக்கச் சண்டை பெரிதானால் பிரான்ஸ் அங்கே கை வைக்கும் என்று அவருக்குப் பயம். அதனால் 1756 ஜனவரியில் பிரெடரிக்கோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். தன் நண்பன் தன் எதிரியோடு கைகுலுக்கியதைப் பார்த்து பிரான்சுக்குக் கோபம். சைலீசியாவை மீட்கத் துணை தேடிக்கொண்டிருந்த ஆஸ்திரியாவுக்கு அதுவே வாய்ப்பு. அதன் மந்திரி கவுனிட்ஸ் அதற்காகவே ஆண்டுக்கணக்கில் காய் நகர்த்திக்கொண்டிருந்தவர். மே மாதம் பிரான்சும் ஆஸ்திரியாவும் வெர்சாயில் கையெழுத்திட்டன. இரு நூற்றாண்டுப் பகையாளிகள் உறவாளிகள் ஆனார்கள். ரஷ்யப் பேரரசி எலிசபெத்தும் அந்தப் பக்கம் சேர்ந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த இரண்டு ஒப்பந்தங்களுமே தற்காப்புக்கு என்றுதான் எழுதப்பட்டன. ஒவ்வொருவரும் தன் வீட்டுக்குப் பூட்டுப் போடுவதாகவே நினைத்தார்கள். ஆனால் ஒருவன் பூட்டுப் போட்டதைப் பார்த்து அடுத்தவன் கத்தியைத் தீட்டினான். மூன்று பெரிய நாடுகள் தன்னைச் சூழ்கின்றன என்று கண்ட பிரெடரிக், அவர்கள் தயாராகும் முன் அடிப்பதே வழி என்று 1756 ஆகஸ்ட் 29 அன்று சாக்சனிக்குள் புகுந்தார். சாக்சனி சிறிய நாடு. அது செய்த ஒரே குற்றம், வழியில் இருந்தது.

இனி போரின் போக்கு.

முதல் இரண்டு ஆண்டுகள் பிரிட்டனுக்குச் சோதனைக் காலம். மத்தியதரைக் கடலில் மினோர்கா தீவு பறிபோனது. அதைக் காக்கப் போன தளபதி பிங், கடமையில் தவறினார் என்று கப்பல் தளத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்காவில் தோல்விக்கு மேல் தோல்வி. கல்கத்தாவை வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா பிடித்தார். அதை மீட்க கிளைவ் படை திரட்டிப் புறப்பட்டது சென்னையிலிருந்து. பிளாசி வரை போன அந்தப் படையில் நம் பக்கத்துச் சிப்பாய்களும் உண்டு.

பிளாசி 1757 ஜூன் 23 அன்று முடிந்தது. அதே ஆண்டு நவம்பரிலும் டிசம்பரிலும் பிரெடரிக் ராஸ்பாக், லூதென் என்ற இரண்டு இடங்களில் தன்னைவிடப் பெரிய படைகளை முறியடித்தார். பிரிட்டனில் வில்லியம் பிட் என்பவர் கையில் போர் நிர்வாகம் வந்தது. அவருடைய கணக்கு எளிமையானது. ஐரோப்பாவில் பிரெடரிக்குக்கு ஆண்டுக்கு 6,70,000 பவுன் பணம் கொடுத்து பிரான்சை அங்கேயே கட்டிப்போடுவது. கடலில் பிரான்சின் கப்பற்படையை நசுக்குவது. கடல் கையில் இருந்தால் குடியேற்ற நாடுகள் தானாக உதிரும்.

இந்தக் கணக்கு நம் கரையில் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள்.

லாலி 1757 மே மாதம் பிரான்சிலிருந்து புறப்பட்டு 1758 ஏப்ரல் கடைசியில்தான் பாண்டிச்சேரி வந்து சேர்ந்தார். ஏறத்தாழ ஓர் ஆண்டு. அயர்லாந்து வம்சாவளியினர், ஆங்கிலேயர் மீது பரம்பரைப் பகை. வந்த வேகத்தில் கடலூர் புனித டேவிட் கோட்டையை ஜூன் 2 அன்று பிடித்து இடித்துத் தள்ளினார். அவரிடம் துணிச்சல் இருந்தது. ஆனால் பணம் இல்லை. நாட்டு நடப்பும் தெரியாது. சுமை தூக்க ஆள் கிடைக்காதபோது பாண்டிச்சேரி மக்களைக் கட்டாயமாக இழுத்து வந்து மூட்டை சுமக்க வைத்தார். பணத்துக்காகத் தஞ்சாவூர் அரசர் பிரதாபசிம்மனிடம் ஒரு பழைய கடன் பத்திரத்தை நீட்டி, படையோடு கிளம்பினார்.

வழியில் நாகூர் சூறையாடப்பட்டது. கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடித் தோண்டினார்கள். ஒற்றர்கள் என்று சந்தேகப்பட்டு அங்கிருந்த அந்தணர் சிலரைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார் லாலி. ஒகையோ ஆற்றில் தொடங்கிய தகராறுக்கும் கீழ்வேளூர் அர்ச்சகருக்கும் என்ன சம்பந்தம்? தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டு, வெடிமருந்து தீர்ந்து, கடலில் பிரெஞ்சுக் கப்பல்கள் தோற்ற செய்தியும் வந்து, ஆகஸ்டில் வெறுங்கையோடு திரும்பினார்.

அடுத்து சென்னை. 1758 டிசம்பரில் லாலியின் படை கறுப்பர் நகரத்துக்குள் புகுந்தது. இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் இடம்தான் அது. கோட்டைக்குள் ஆளுநர் பிகாட்டும் தளபதி லாரன்சும் இருந்தார்கள். வெளியே செங்கல்பட்டுப் பக்கமிருந்து பிரெஞ்சுப் படைக்கு உணவும் சரக்கும் வரவிடாமல் அலைக்கழித்தவர் யார் தெரியுமா? யூசுப் கான். மருதநாயகம் என்று நீங்கள் அறிந்தவர். 1759 பிப்ரவரி மத்தியில் கடலில் ஆங்கிலக் கப்பல்கள் தெரிந்தன. லாலி முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கினார்.

சோழமண்டலக் கரையில் இரண்டு ஆண்டுகளில் மூன்று கடற்சண்டைகள் நடந்தன. மூன்றிலும் யாரும் முழுதாக மூழ்கிவிடவில்லை. ஆனால் 1759 செப்டம்பரில் நடந்த மூன்றாவது சண்டைக்குப் பிறகு பிரெஞ்சுத் தளபதி தாஷே மொரீஷியஸ் பக்கம் போனவர் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து பாண்டிச்சேரி கடல் பக்கம் அனாதை. ஆங்கிலேயருக்கோ வங்காளத்துப் பணம் வந்தது. இங்கிலாந்திலிருந்து அயர்கூட்டுடன் புதிய படைப்பிரிவு வந்தது. லாலியின் வீரர்களுக்குச் சம்பளமே வரவில்லை.

அதே 1759இல் உலகின் மறுபக்கம் பாருங்கள். செப்டம்பர் 13 அன்று கியூபெக் வாசலில் நடந்த சண்டையில் ஆங்கிலத் தளபதி உல்ஃபும் பிரெஞ்சுத் தளபதி மோன்காமும் இருவருமே உயிரிழந்தார்கள். நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. நவம்பர் 20 அன்று பிரான்சின் சொந்தக் கரையில், கிபெரான் விரிகுடாவில், புயலுக்கு நடுவே பிரெஞ்சுக் கப்பற்படை நொறுக்கப்பட்டது.

கிபெரானுக்கும் வந்தவாசிக்கும் இடையே இரண்டே மாதம். கடிதம் வர ஆறு மாதம் ஆகும் காலம் அது. வந்தவாசியில் லாலியும் கூட்டும் அணிவகுத்தபோது கிபெரான் செய்தி அவர்களுக்கு எட்டியிருக்க வழியில்லை. ஆனால் லாலிக்குக் கப்பலும் ஆளும் வரப்போவதில்லை என்பது அங்கே முடிவாகியிருந்தது.

வந்தவாசியில் இரு பக்கமும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஐரோப்பியர், அவர்களோடு சிப்பாய்கள். பிரெஞ்சுக்காரருக்குத் துணையாக வந்த மராத்தியக் குதிரைப்படை சண்டையில் இறங்காமல் ஒதுங்கி நின்றது. பிரெஞ்சு அணியின் இடப்பக்கம் ஒரு வெடிமருந்து வண்டி குண்டுபட்டு வெடித்துச் சிதறியது. அந்தக் குழப்பத்தில் கூட் முன்னேறினார். புஸ்ஸி சிறைப்பட்டார். ஒரு பகலில் முடிந்துவிட்டது. வந்தவாசியில் லாலி வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வகுப்பில் கேட்பீர்கள். கொஞ்ச நாள் தள்ளிப்போயிருக்கும் என்பதே என் எண்ணம். கடலும் கஜானாவும் யார் கையில் இருந்தனவோ அவர்களுக்கு இன்னொரு வந்தவாசி கிடைத்திருக்கும்.

பிறகு பாண்டிச்சேரி முற்றுகை. இந்தப் பதிவை நான் எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

1760 கடைசியில் நகருக்குள் உணவு தீர்ந்துகொண்டிருந்தது. வீரர்களுக்குச் சோறு மிச்சப்பட வேண்டும் என்று லாலி உள்ளூர் மக்களை வெளியேற்றினார். சுமார் 1,400 பேர். ஆண், பெண், குழந்தை. அவர்கள் ஆங்கிலப் படை வரிசையை நோக்கி நடந்தார்கள். ஆங்கிலேயர் கடக்க விடவில்லை. அவர்கள் உள்ளே இருந்தால்தான் சோறு சீக்கிரம் தீரும். திரும்பி நகரத்துக்குப் போனார்கள். பிரெஞ்சுக்காரர் கதவைத் திறக்கவில்லை; சுட்டார்கள். இரண்டு படைகளுக்கும் நடுவே இருந்த வெற்று நிலத்தில், புல்லையும் வேரையும் தோண்டித் தின்று பல நாள் கிடந்தார்கள். கடைசியில்தான் ஆங்கிலேயர் வழி விட்டார்கள்.

அந்த 1,400 பேரில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. சைலீசியா என்ற சொல்லை அவர்களில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஐரோப்பாவில் மாளிகைகளில் உட்கார்ந்து நான்கைந்து பேர் போட்ட கையெழுத்தின் மறுமுனை அந்த வெற்று நிலத்தில்தான் வந்து முடிந்தது. போரின் காரணங்கள் என்று வரிசை எண் போட்டு எழுதும்போது விடுபட்டுப் போகும் பக்கம் இது.

1761 ஜனவரி மத்தியில் பாண்டிச்சேரி சரணடைந்தது. கடலூர்க் கோட்டையை இடித்ததற்குப் பதிலாக நகரை அடியோடு இடித்தார்கள். கால் நூற்றாண்டு அந்த நகரின் வாழ்வைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவந்த துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அதே ஜனவரியில்தான். லாலி கைதியாகி, தன் மீதான பழியைத் துடைக்கத் தானே பாரிஸ் போய், துரோகக் குற்றம் சாட்டப்பட்டு 1766 மே 9 அன்று தலை வெட்டப்பட்டார். வால்டேர் அவருக்காகப் பேனா பிடித்தார். 1778இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. போன தலை திரும்பவில்லை.

போர் அத்தோடு நிற்கவில்லை. ஸ்பெயின் பிரான்ஸ் பக்கம் சேர்ந்ததும் பிரிட்டன் 1762இல் கியூபாவின் ஹவானாவைப் பிடித்தது. அதே ஆண்டு சென்னைத் துறையிலிருந்து டிரேப்பர் தலைமையில் ஒரு படை கிளம்பி, அக்டோபரில் பிலிப்பைன்ஸின் மணிலாவைப் பிடித்தது. அதில் சென்னைச் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்கள் வென்ற செய்தி ஐரோப்பா போய்ச் சேருவதற்குள் அங்கே சமாதானம் பேசி முடித்துவிட்டார்கள். மணிலா ஸ்பெயினுக்கே திரும்பப் போனது.

ஐரோப்பாவில் பிரெடரிக் அழிவின் விளிம்பில் இருந்தார். 1762 தொடக்கத்தில் ரஷ்யப் பேரரசி எலிசபெத் இறந்தார். அடுத்து வந்த மூன்றாம் பீட்டர் பிரெடரிக்கின் ரசிகர். உடனே போரிலிருந்து விலகினார். ஒரு மரணத்தில் ஒரு கூட்டணி அவிழ்ந்தது. ஆண்டுக்கணக்கில் கட்டிய முடிச்சு எவ்வளவு பலவீனமானது பாருங்கள்.

1763 பிப்ரவரி 10 பாரிஸ் உடன்படிக்கை. ஐந்து நாள் கழித்து ஹூபர்ட்டஸ்பர்க் உடன்படிக்கை. கணக்குப் பார்ப்போம்.

சைலீசியா போருக்கு முன் யாரிடம் இருந்ததோ அவரிடமே இருந்தது. ஐரோப்பாவில் எல்லைக்கோடு அசையவே இல்லை. மொத்தம் இறந்தவர்கள் பத்து லட்சத்தை ஒட்டி இருக்கும் என்று கணிக்கிறார்கள்.

கனடா பிரிட்டனுக்குப் போனது. பூர்வகுடி மக்களின் நிலத்தை அவர்களைக் கேட்காமலே பிரான்ஸ் எழுதிக் கொடுத்தது. அதே ஆண்டு போன்டியாக் தலைமையில் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள்.

வென்ற பிரிட்டனின் கடன் சுமார் 7.5 கோடி பவுனிலிருந்து 13 கோடி பவுனைத் தாண்டியது. அதை அடைக்க அமெரிக்கக் குடியேறிகள் மீது 1765இல் முத்திரை வரி போட்டார்கள். அங்கிருந்து அமெரிக்க சுதந்திரப் போர் ஒரு நடை தூரம். அந்தப் போரில் பணத்தைக் கொட்டிய பிரான்ஸ் கடனில் மூழ்கி, 1789இல் புரட்சியைச் சந்தித்தது.

நம் பக்கம்? பாண்டிச்சேரி 1765இல் பிரான்சிடம் இடிபாடாகத் திரும்பியது. பாரிஸ் உடன்படிக்கை முகமது அலியைக் கர்நாடக நவாப் என்றும் சலாபத் ஜங்கைத் தக்காண சுபேதார் என்றும் அங்கீகரித்தது. வேடிக்கை என்னவென்றால், சலாபத் ஜங்கை அவர் தம்பி நிஜாம் அலி ஏழெட்டு மாதம் முன்பே இறக்கிச் சிறையில் வைத்துவிட்டார். பாரிஸில் யாருக்கும் தெரியாது.

முகமது அலி வென்ற பக்கத்து நவாப். ஆனால் போர்ச் செலவைக் கம்பெனி அவர் கணக்கில் எழுதியது. கடனுக்குச் செங்கல்பட்டுச் சீமையைக் கொடுத்தார். மேலும் கடன் வாங்கினார். கடனை அடைக்க வரி. வரி கொடுக்க மறுத்த பாளையக்காரர்கள் மீது படை. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் மீது போனதும் அந்தப் படைதான். சென்னையைக் காத்த யூசுப் கானையே 1764இல் மதுரையில் தூக்கிலிட்டார்கள். ஆற்காட்டு நவாபின் கடன் 1785இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் பேசும் அளவுக்கு நாறியது. 1801இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனிக்கே போனது. தோற்றவர் ஊரை இழந்தார். வென்றவரோடு சேர்ந்தவர் நாட்டையே இழந்தார்.

பிள்ளைகளே, கூட்டணி என்றாலே தப்பு என்று நான் சொல்லவில்லை. தனியாக நின்றால் பிரெடரிக் தொலைந்திருப்பார். ஆனால் பெரியவர்களின் கூட்டணியில் சிறியவர் சேரும்போது, சண்டையைத் தொடங்கும் உரிமையும் நிறுத்தும் உரிமையும் அவரிடம் இருப்பதில்லை; ரசீது மட்டும் அவர் பெயருக்கு வருகிறது. இன்றைக்குச் செய்தித்தாளில் எந்த நாட்டு ஒப்பந்தத்தைப் பற்றிப் படித்தாலும், யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதோடு, எந்த வெற்று நிலத்தில் அது போய் முடியும் என்றும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

வந்தவாசிப் பக்கம் போகிறவர்கள் கோட்டையின் எச்சத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். பாண்டிச்சேரிக்குப் போனால், அந்த அழகான வெள்ளை நகர வீதிகள் இடிபாட்டின் மேல் மறுபடி எழுந்தவை என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். கனடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் கியூபெக் போனால் அந்தப் போர்க்களத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வந்தவாசிப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை.

கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.